ஓவியரைத் தேடும் முன் எட்டுத் தாள்களை மடியுங்கள்

கேள்வி: நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. 4 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்காக ஒரு படக்கதை எழுதியிருக்கிறேன். 1,800 சொற்கள் வந்திருக்கின்றன. பதிப்பாளருக்கு அனுப்பும் முன் நானே ஓர் ஓவியரைப் பிடித்துப் படம் வரைய வைக்க வேண்டுமா? முதல் புத்தகம் வந்ததும் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுத ஆசை. சரிப்பட்டு வருமா?

பதில்: ஓவியருக்கு இப்போது பணம் கொடுக்காதீர்கள். வேலையையும் இப்போது விடாதீர்கள்.

படப்புத்தகத்துக்கு ஓவியரைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் பதிப்பாளர்தான். எந்தக் கதைக்கு எந்தக் கை பொருந்தும் என்பது அவர்களுக்குப் பழகிய விஷயம். நீங்களே படத்தோடு அனுப்பினால், கதை பிடித்துப் படம் பிடிக்காமல் போகும்போது இரண்டும் சேர்ந்து திரும்பி வரலாம். நீங்களே ஓவியராகவும் இருந்தால் விஷயம் வேறு. ஆங்கிலக் குழந்தை எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பாட்டர் தன் முயல் கதைக்குத் தானே படம் வரைந்தார். பதிப்பாளர்கள் மறுத்தபோது 1901-இல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். அடுத்த ஆண்டே ஒரு பதிப்பகம் அதை எடுத்துக்கொண்டது. நீங்களும் சொந்தமாக வெளியிடப் போகிறீர்கள் என்றால் ஓவியர் தேவைதான். ஆனால் பணம் கொடுத்ததாலேயே படத்தின் பதிப்புரிமை உங்களிடம் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். யாருக்கு என்ன உரிமை என்பதை முதலிலேயே எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது அந்த 1,800 சொற்கள். படப்புத்தகம் பொதுவாக 32 பக்கம். பெரிய தாளில் அச்சிட்டு மடிக்கும்போது 8, 16 என்று பக்கங்கள் வருவதால் அச்சகத்தின் ஃபாரம் (அப்படி மடித்த ஓர் அச்சுத்தாள்) கணக்கில் அமைந்த அளவு அது. தலைப்பு, பதிப்புரிமை விவரம் எல்லாம் போக, கதைக்கு 12 முதல் 14 விரிப்புகள் மிஞ்சும். விரிப்பு என்றால் புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கங்கள். 1,800 சொற்களை 13 விரிப்புகளில் பரப்பினால் ஒவ்வொன்றிலும் 138 சொற்கள் உட்காரும். படத்துக்கு இடமே இருக்காது. 500 சொற்கள் என்றால் 38 வரும். அதுதான் மூச்சு விடுகிற அளவு.

எட்டு வெள்ளைத் தாள்களை எடுத்து நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகுங்கள். 32 பக்கம் கிடைத்துவிடும். இதை டம்மி என்போம். கதையை அச்செடுத்து, வெட்டி, பக்கம் பக்கமாக ஒட்டிப் பாருங்கள். 'சிவப்புச் சட்டை போட்ட குட்டிக் கரடி மரத்தடியில் சோகமாக உட்கார்ந்திருந்தது' என்று எழுதியிருந்தால் சட்டை, மரம், சோகம் மூன்றையும் ஓவியர் காட்டிவிடுவார். அந்த வரியில் உங்கள் வேலை, கரடி என்ன சொன்னது என்பது மட்டும். அப்புறம் வலப்பக்கத்தின் கடைசி வரியைக் கவனியுங்கள். கதவைத் தட்டும் சத்தம் அங்கே கேட்க வேண்டும்; தட்டியது யார் என்பது பக்கத்தைப் புரட்டினால்தான் தெரிய வேண்டும். குழந்தையின் கை தானாகப் பக்கத்துக்குப் போகிற இடம் அது. எழுத்தாளரின் உண்மையான உழைப்பு இந்த வெட்டலிலும் இடமாற்றத்திலும்தான் போகிறது. முதல் வரைவு எழுதுவது அதில் சின்னப் பங்கு.

ஆசிரியையாக இருப்பதில் உங்களுக்கு ஒரு வசதியும் ஒரு ஆபத்தும் உண்டு. கேட்கக் குழந்தைகள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு உங்களைப் பிடிக்கும், நீங்கள் எதை வாசித்தாலும் கேட்பார்கள். ஆகவே உங்கள் பிரதியை வேறொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு, பின்னால் உட்கார்ந்து பாருங்கள். வாசிப்பவரின் நாக்கு எங்கே தடுக்குகிறது, எந்த இடத்தில் பிள்ளைகள் நெளிய ஆரம்பிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். 'நல்லா இருந்ததா?' என்று கேட்க வேண்டாம். 'இன்னொரு தடவை' என்று யாராவது கேட்கிறார்களா என்று பாருங்கள்.

சரி, வேலையை விடுவது. ஏற்கப்பட்ட கதை புத்தகமாகக் கைக்கு வர இரண்டு வருடங்கூட ஆகலாம். இடையில் ஓவியரின் முன்வரைவு வரும், அதைப் பார்த்து மறுபடி சொற்களைக் குறைப்பீர்கள், மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை திருத்தும் படி) பார்ப்பீர்கள். புத்தகம் வந்த பிறகு பள்ளிகளில் கதை சொல்லல், பட்டறைகள். பல எழுத்தாளர்களுக்கு வருமானத்தில் கணிசமான பங்கு இதிலிருந்துதான் வருகிறது. ஆகவே இதற்குக் கட்டணம் கேட்கத் தயங்காதீர்கள்.

ஒப்பந்தம் வந்தால் ராயல்டி, அதாவது விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் உங்களுக்குக் கிடைக்கும் பங்கு, எதன்மேல் கணக்கிடப்படுகிறது என்று முதலில் பாருங்கள். புத்தக விலை 100 என்றால் அதில் 5 சதவீதம் 5. பதிப்பாளர் கைக்கு வரும் தொகைமேல் என்றால், அது 50 ஆக இருக்கும்போது உங்களுக்கு 2.50தான். முன்பணம் என்பதும் தனிப் பரிசல்ல; ராயல்டியில் கழியும் தொகை. 10,000 முன்பணம் வாங்கினால், முதல் கணக்கில் 2,000 பிரதி, இரண்டாவதில் 4,000 பிரதி விற்ற பிறகே அடுத்த காசு வரும். படப்புத்தகத்தில் ராயல்டியை ஓவியரோடு பகிர்ந்துகொள்வதே வழக்கம். மொழிபெயர்ப்பு, ஒலிநூல் உரிமைகளை ஒரே வரியில் மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள். புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை உங்களிடம் திரும்ப வரும் என்ற பிரிவு கட்டாயம் இருக்கட்டும். நூலகங்களில் இரவல் போகும் புத்தகங்களுக்காக ஆசிரியருக்கு அரசு பணம் தரும் முறை 1946-இல் டென்மார்க்கில் தொடங்கியது. இன்று 30-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. உங்கள் நாட்டில் இருந்தால் பதிவு செய்துவிடுங்கள்.

மூன்று நான்கு புத்தகங்கள் வெளியாகி, புதிய முன்பணம் எதுவும் இல்லாமலே பழைய புத்தகங்களும் பள்ளி நிகழ்ச்சிகளும் ஒரு முழு ஆண்டின் வீட்டுச் செலவைத் தாங்குகின்றனவா என்று பாருங்கள். தாங்கினால் முதலில் வேலை நாட்களைக் குறைத்துக் கேளுங்கள். அதுவரை காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் போதும். 38 சொற்கள் கொண்ட ஒரு விரிப்பைச் சரிசெய்ய அதுவே நல்ல நேரம்.