பதில்: பினாங்கு சேவை கோலாலம்பூரிலும் தெரிகிறது
வணக்கம் நண்பரே. பினாங்கின் பாயான் லெப்பாஸ் அலுவலகத்துக்கான மடிக்கணினிச் சேவை கோலாலம்பூர் ஊழியர்களுக்கும் தெரிவதாகவும், சர்வீஸ்நவ் மென்பொருளில் யாருக்கு எந்தச் சேவை தெரியும் என்று முடிவு செய்யும் பயனர் விதியில் இடம், துறை இரண்டையும் குறித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் இருக்க வேண்டும். ‘எல்லாம் பொருந்த வேண்டும்’ என்ற கட்டத்தைத் தேர்வு செய்யாவிட்டால் ஒன்று பொருந்தினாலே போதும்; கோலாலம்பூரில் அதே துறையில் இருப்பவரும் உள்ளே வந்துவிடுவார். முதலில் அதைத் தேர்வு செய்யுங்கள்.

கோலாலம்பூரைக் ‘கிடைக்காதவர்’ (சேவை தெரியக் கூடாதவர்) பட்டியலில் போடச் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. அந்தப் பட்டியல் ‘கிடைப்பவர்’ பட்டியலை எப்போதும் வென்றுவிடும். பினாங்கு வேலையையும் பார்க்கும் கோலாலம்பூர் மேலாளரைத் தனியே சேர்த்தாலும் பயனில்லை.

மாற்றலாகி வந்தவர்களின் பதிவில் பழைய இடமே இருக்கிறதா என்றும் பாருங்கள். சோதனையை நிர்வாகிக் கணக்கில் செய்யாமல், சாதாரண ஊழியர் கணக்கில் செய்யுங்கள்.