வாசகர் கேள்வி - பதில்: ஈயக் குண்டு வார்ப்பு

கேள்வி: தூண்டிலுக்கு ஈயக் குண்டு வார்க்க, ஆறு குழியுள்ள அலுமினிய அச்சு ஒன்றைப் பட்டறையில் சொல்லிச் செய்தேன். நடுக்குழிகளில் குண்டு அழகாக விழுகிறது. இரண்டு ஓரக்குழிகளில் மட்டும் சுருக்கம் விழுகிறது, சில பாதிதான் நிரம்புகின்றன. ஈயத்தை இன்னும் காய்ச்சலாமா?

பதில்: வேண்டாம். சூடு போதாதது அச்சுக்கு. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும்; வார்க்க 370 முதல் 400 வரை போதும். அச்சின் இரு முனைகளும் சீக்கிரம் ஆறுவதால், ஓரக்குழியில் ஈயம் பரவுமுன்னே உறைந்துவிடுகிறது. நன்றாக உலர்ந்த அச்சைச் சட்டி விளிம்பில் வைத்துச் சூடேற்றுங்கள். பிறகு அதன் ஒரு மூலையை ஈயத்தில் அரை நிமிடம் தோய்த்து எடுங்கள். ஈயம் அப்பிக்கொண்டு வந்தால் சூடு பத்தவில்லை. ஒட்டாமல் வழுக்கினால் ஊற்றலாம். முதல் நாலைந்து வார்ப்பைத் தயங்காமல் சட்டியிலேயே திரும்பப் போடுங்கள்.

ஓரக்குழியிலிருந்து தொடங்கி, நிறுத்தாமல் ஊற்றுங்கள். ஊற்றுவாயின் மேல் கொஞ்சம் ஈயம் மிஞ்சி நிற்கட்டும். உறையும்போது ஈயம் சுருங்கும். அந்த மிச்சத்திலிருந்துதான் குண்டு தனக்கு வேண்டியதை இழுத்துக்கொள்ளும். மிச்சம் இல்லையென்றால் உள்ளே பொத்தல் விழும். குண்டு வெளிறிப் பனி படர்ந்ததுபோல வந்தால் அச்சு மிஞ்சிச் சூடாகிவிட்டது, சற்று ஆறவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரே குழி, ஒரே இடத்தில் குறைபட்டால், காற்று வெளியேற வழியில்லை என்று பொருள். அச்சின் இரு பாதிகளும் சேரும் முகத்தில், குழியிலிருந்து வெளிவிளிம்புவரை மயிரிழை போன்ற கீறல் ஒன்றிரண்டு போடச் சொல்லுங்கள். ஆழமாகிவிட்டால் ஈயமே அதில் ஓடிப் பிசிறாகும்.

கேள்வி: குழியின் விட்டம் 12 மி.மீ. கணக்குப்படி 10.26 கிராம் வர வேண்டும். 10 கிராம்தான் வருகிறது. அச்சில் பிழையா?

பதில்: இல்லை. உறைந்த ஈயம் அறைச் சூட்டுக்கு ஆறும்வரை விட்டத்தில் ஏறக்குறைய 0.9 விழுக்காடு சுருங்கும். 12 மி.மீ. குழி தருவது 11.9 மி.மீ. குண்டு; அதன் எடை 10 கிராம். அடுத்த அச்சுக்கு அளவு கொடுக்கும்போது இதைச் சேர்த்தே கொடுங்கள்.

கேள்வி: பழைய பேட்டரி ஈயத்தை உருக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அமிலம் மட்டுமல்ல, அந்தத் தகடுகளில் ஆன்டிமனி, ஆர்செனிக் கலந்திருக்கலாம். அவற்றிலிருந்து உயிர்கொல்லி வாயு எழக்கூடும். சுத்த ஈயம் வாங்குங்கள். அதையும் திறந்தவெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீச, முகக்காப்பும் தோல் கையுறையும் அணிந்து உருக்குங்கள். ஈரமான ஈயக் கட்டி ஒன்று உருகிய ஈயத்துக்குள் மூழ்கினால், நீர் நொடியில் ஆவியாகிச் சட்டியில் இருப்பதையெல்லாம் முகத்தில் வாரியடிக்கும். சமையல் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்காதீர்கள். மேலே ஒதுங்கும் கசடும் நஞ்சுதான்; மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். கை கழுவாமல் சாப்பிடாதீர்கள், அந்த உடுப்போடு குழந்தையைத் தூக்காதீர்கள்.