வீட்டுக் கணக்கு: ஓனர் சொல்லும் வாடகையும் நாம் கொடுக்கும் வாடகையும்

கேள்வி: நானும் மனைவியும் பெங்களூரு கே.ஆர்.புரத்தில் ஒன்றரை வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். சொந்த ஊர் திண்டுக்கல். கைக்கு வரும் சம்பளம் 48,000. வாடகை 17,000, மெயின்டனன்ஸ் 1,500, அட்வான்ஸ் ஒரு லட்சம். சமாளித்துவிடலாம் என்று நினைத்துதான் குடிவந்தோம். ஆனால் 20ஆம் தேதி ஆனாலே கையைக் கடிக்கிறது. எங்கே தப்பு, ஐயா?

பதில்: தம்பி, உங்கள் வாடகை 17,000 இல்லை. சொல்கிறேன், ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

வாடகையும் மெயின்டனன்சும் 18,500. கரண்ட் 1,000, கேஸ் மாதக் கணக்கில் 600, குடிக்கும் தண்ணீர் கேன் 300, இன்டர்நெட் 700 என்று வைத்துக்கொள்வோம். இதுவரை எல்லோரும் போடுகிற கணக்குதான். விட்டுப்போவது இரண்டு.

ஒன்று, டேங்கர். போர்வெல் வற்றினால் மார்ச் முதல் மே வரை பங்குப் பணம் மாதம் 1,500 ஆகும். மற்ற மாதங்களில் 500. வருடம் முழுக்கப் பரப்பினால் மாதம் 750. 2024 மார்ச் தட்டுப்பாட்டில் மாவட்ட நிர்வாகமே தலையிட்டு, ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் டேங்கருக்கு 1,000 ரூபாய் என்று விலை கட்டியது. உங்கள் கட்டடத்தில் எத்தனை டேங்கர் இறங்கியது, எத்தனை வீடு பங்கு என்று ரசீதைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இரண்டு, பெயின்டிங். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது இந்த ஊர் வழக்கம். சுவரில் ஒரு கீறல் இல்லாவிட்டாலும் பிடிப்பார்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. இரண்டு வருடம் இருப்பீர்கள் என்றால் அது மாதம் 700.

கூட்டினால் 22,550. சம்பளத்தில் கிட்டத்தட்ட பாதி! அடுத்த ஒப்பந்தத்தில் 5 சதவீதம் ஏற்றினால் இன்னும் 850.

சம்பளம் வந்த அன்றே 22,500ஐத் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். வீட்டுச் செலவு எல்லாம் அதிலிருந்துதான். மழைக்காலத்தில் அதில் மிஞ்சுவதைத் தொடாதீர்கள், அது கோடைக்கு. மிச்சம் 25,500தான் உங்கள் சம்பளம் என்று மனதில் வையுங்கள். முதல் இரண்டு மாதம் எரிச்சலாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

குறைக்க முடிகிற இடம் கரண்ட். உங்கள் போர்ஷனுக்குத் தனி ஆர்.ஆர். நம்பர், அதாவது மின் இணைப்பு எண், இருக்கிறதா, இல்லை ஓனர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறாரா? தனி நம்பர் இருந்தால் கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதி வாடகைக்காரருக்கும் உண்டு. சேவா சிந்து என்ற அரசு இணையதளத்தில் ஆதாரும் வாடகை ஒப்பந்தமும் வைத்து விண்ணப்பிக்கலாம். முன்பு குடியிருந்தவரின் ஆதார் அந்த மீட்டரோடு இணைந்திருந்தால் முதலில் அதை நீக்க வேண்டும்.

200 யூனிட்டும் இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2022-23இல் அந்த மீட்டரில் ஓடிய மாதச் சராசரி, அதோடு 10 சதவீதம், அதுதான் பொதுவாக உங்கள் பங்கு. சராசரி 80 என்றால் 88 வரை இலவசம். 120 ஓடினால் 32 யூனிட்டுக்குப் பணம். 200ஐத் தாண்டினால் முழு பில்லும் நம் தலையில். அதனால் கீசர் சுவிட்சில் ஒரு கண் இருக்கட்டும். இரண்டு கிலோவாட் கீசர் தினம் அரை மணி நேரம் சூடானால் மாதம் 30 யூனிட். ஃபேனையும் விளக்கையும் அணைத்து அணைத்து மனைவியிடம் சண்டை போட வேண்டாம்.

கேள்வி: எட்டு லட்சம் கொடுத்தால் மூன்று வருடம் வாடகையே இல்லை, போகும்போது முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்கிறார்கள். லீசுக்குப் போகலாமா? (வாசகி, ராமமூர்த்தி நகர்)

பதில்: வாடகை உண்டு அம்மா, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். எட்டு லட்சம் வங்கியில் 6.5 சதவீதத்தில் இருந்தால் வருடம் 52,000 வட்டி வரும். அதாவது மாதம் 4,300 சொச்சம். அந்த வாடகைக்கு அப்படி ஒரு வீடு கிடைக்காதுதான். லாபம் உண்மை, பயமெல்லாம் அந்த எட்டு லட்சம் திரும்பி வருமா என்பதில்தான். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். இடைத்தரகர் கணக்குக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். பணம் ஓனரின் வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது சட்டம். பதிவு அலுவலகத்துக்கு வர ஓனர் தயங்கினால் வேறு வீடு பாருங்கள்.