எக்ஸ் அச்சு ஆடுகிறது, முழு செட்டையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் வீட்டிலேயே மரத்தில் பெயர்ப்பலகை, கோல அச்சு எல்லாம் செதுக்கி விற்கிறேன். இதுதான் என் பிழைப்பு. எட்டு மாதம் முன்பு ஆன்லைனில் 3018 வகை சிஎன்சி ரூட்டர் (கம்ப்யூட்டர் சொல்படி செதுக்கும் மெஷின்) வாங்கினேன். இப்போது வட்டம் போட்டால் கோணலாக வருகிறது. ஸ்பிண்டிலை, அதாவது வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டாரை, பிடித்து அசைத்தால் எக்ஸ் அச்சு (இடம் வலமாக நகரும் பாகம்) கையோடு ஆடுகிறது. விற்றவரிடம் கேட்டேன். எக்ஸ் அச்சு செட்டையே மாற்றச் சொல்கிறார். அதன் விலை மெஷின் விலையில் பாதி. வாங்கலாமா? நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியுமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். ஆட்டம் எங்கே என்று தெரியாமல் செட் வாங்கினால், பழைய கோளாறு புது செட்டிலும் அப்படியே தொடரலாம். நான் ஒரு முறை நான்கு பேரிங்கையும் மாற்றி, இரண்டு நாள் வேலையை விட்டு உட்கார்ந்தேன். கடைசியில் பார்த்தால் மோட்டாரையும் லீட் ஸ்க்ரூவையும் (அச்சை நகர்த்தும் மரைத் தண்டு) இணைக்கும் கப்ளிங்கில் ஒரு சின்ன ஸ்க்ரூ தளர்ந்திருந்தது.

ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன் அது ஆடுவதை போனில் வீடியோ எடுத்து வையுங்கள். கோணலாக வந்த வட்டத்தையும் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். பிறகு புகார் செய்ய நேர்ந்தால் உங்கள் கையில் இருக்கும் சாட்சி இதுதான். கழற்றிய பிறகு எடுத்தால், நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று சொல்ல இடம் கொடுத்துவிடும்.

அடுத்து, ஸ்பிண்டில் சுவிட்சை அணைத்துவிட்டு மெஷினுக்கு மட்டும் கரண்ட் கொடுங்கள். ஜிஆர்பிஎல் (மெஷினை ஓட்டும் மென்பொருள்) அமைப்பில் $1=255 என்று வைத்து அச்சைக் கொஞ்சம் நகர்த்தினால், மோட்டார் அச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நிற்கும். அப்போது ஸ்பிண்டிலை மெதுவாக இடம் வலமாகத் தள்ளிப் பாருங்கள். அச்சு போகும் திசையிலேயே நேராக நகர்ந்தால் கோளாறு லீட் ஸ்க்ரூ, நட்டு, கப்ளிங் பக்கம். தலையாட்டுவது போல முன்னும் பின்னும் சாய்ந்தால் அச்சு ஓடும் கம்பி, பேரிங் பக்கம். ஆட்டும்போது இரண்டு பாகம் சேரும் இடத்தில் விரல் நுனியைப் பாதி இங்கும் பாதி அங்குமாக வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத அசைவும் விரலுக்குத் தெரியும்.

உங்கள் வட்டமும் ஒரு தகவல் சொல்லும். இடது, வலது ஓரங்களில் சின்னதாகச் செங்குத்துக் கோடு போலத் தட்டையாக இருந்தால் எக்ஸ் அச்சில் பேக்லாஷ் (திசை மாறும்போது வரும் தளர்ச்சி) இருக்கிறது. எக்ஸ் திசை மாறுவது அந்த இரண்டு இடத்தில்தான். மேலும் கீழும் தட்டையாக இருந்தால் ஒய் அச்சையும் (முன்னும் பின்னும் நகரும் பாகம்) பார்க்க வேண்டும்.

நேராக நகரும் ஆட்டம் என்றால் கப்ளிங்கிலிருந்து ஆரம்பியுங்கள். மோட்டார் தண்டின் மேலும் கப்ளிங்கின் மேலும் சேர்ந்தாற்போல மார்க்கரில் ஒரு கோடு போட்டு, அச்சைப் பத்து முறை வேகமாக ஓட்டுங்கள். கோடு விலகியிருந்தால் கப்ளிங் வழுக்குகிறது. மோட்டார் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருந்தால், கப்ளிங்கை இறுக்கும் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சின்ன ஸ்க்ரூ) அந்தத் தட்டையில்தான் உட்கார வேண்டும். கழற்றி, துடைத்து, நீல திரெட் லாக்கர் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு முறுக்குங்கள். சுருள் வெட்டு போட்ட அலுமினிய கப்ளிங் ஸ்பிரிங் மாதிரி நீளும், சுருங்கும். லீட் ஸ்க்ரூ முனையில் பேரிங்கை ஒட்டிக் காலர் (பிடிப்பு வளையம்) போட்டு இறுக்கினால் அந்த ஆட்டமும் நின்றுவிடும்.

கப்ளிங் சரி என்றால் பித்தளை நட்டு. லீட் ஸ்க்ரூவைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் பொன்னிறப் பொடி மின்னினால் நட்டு தேய்ந்திருக்கிறது. மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து பசையாகி அரைத்திருக்கும். ஸ்பிரிங் வைத்த ஆன்டி பேக்லாஷ் நட்டு சில நூறு ரூபாயில் கிடைக்கும். வாங்குவதற்கு முன் ஸ்க்ரூவை ஒரு முழுச் சுற்று சுற்றி நட்டு எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். டி8 என்று ஒரே பெயரில் 2, 4, 8 மில்லிமீட்டர் என்று வெவ்வேறு லீட் (ஒரு சுற்றில் நகரும் தூரம்) வருகிறது. அளவு மாறினால் நட்டு ஏறவே ஏறாது. 3018-இல் பெரும்பாலும் 4தான், அதனால்தான் ஜிஆர்பிஎல் அமைப்பில் $100 (எக்ஸ் அச்சு ஒரு மில்லிமீட்டர் நகர மோட்டார் எடுக்கும் அடிகள்) மதிப்பு 800 என்று இருக்கும். அந்த எண்ணை மாற்றி ஆட்டத்தைச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். பேக்லாஷ் என்பது திசை மாறும்போது மட்டும் தொலையும் அளவு. $100-ஐ மாற்றினால் செதுக்கும் மொத்த அளவுமே தவறாகிவிடும்.

சாய்கிற ஆட்டமாக இருந்தால் முதலில் கம்பியையும் பேரிங்கையும் தாங்கும் பிளாக்கில் உள்ள ஸ்க்ரூ எல்லாம் இறுக்கமா என்று பாருங்கள். பிறகுதான் பேரிங். 10 மில்லிமீட்டர் கம்பிக்கு எல்எம்10யுயு என்ற பேரிங் போடுவார்கள், மில்லிமீட்டரில்: உள்விட்டம் 10, வெளிவிட்டம் 19, நீளம் 29. ஓசூரில் பேரிங் கடைகளில் பழையதைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். கம்பியில் நகம் வைத்துத் தடவும்போது பள்ளம் தட்டினால் கம்பியையும் சேர்த்து மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் தேக்கில் மட்டும் கோணல் வந்தால் அது கோளாறு இல்லை. மெலிந்த கம்பி பாரத்தில் வளைகிறது. ஒரு வெட்டுக்கு அரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாதீர்கள்.

சரி, கோர்ட் விஷயம். தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் இல்லை என்று விற்றவர் சொன்னால் தயங்க வேண்டாம். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. முதலில் நீங்கள் வாங்கிய ஆன்லைன் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் பெற்றதற்கு ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கும் மேல் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் தினமும் ஓடிய மெஷினில் எட்டு மாதத்தில் நட்டு தேய்ந்ததை மட்டும் வைத்துப் போனால் வழக்கு நிற்பது கஷ்டம். கம்பி வளைந்தே வந்தது, வாரன்டி காலத்தில் பதிலே இல்லை என்றால் பில், வீடியோவோடு தாராளமாகப் போங்கள்.

கேள்வி: பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். ஓசூரில் ஒருவர் பழைய 6040 வகை சிஎன்சி மெஷின் விற்கிறார். நேரில் போனால் எதைப் பார்ப்பது?

பதில்: கரண்ட் இல்லாமல் ஸ்பிண்டிலைப் பிடித்து மூன்று திசையிலும் ஆட்டிப் பாருங்கள். பிறகு நீங்களே கொண்டுபோன எம்டிஎஃப் (மரத்தூள் பலகை) துண்டில் ஒரு சதுரமும் அதற்குள் ஒரு வட்டமும் வெட்டச் சொல்லுங்கள். சதுரத்தின் இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவு இருக்க வேண்டும். வெட்டிக் காட்டத் தயங்கினால் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பி வாருங்கள். பால் ஸ்க்ரூ (நட்டுக்குள் குண்டுகள் உருளும் ஸ்க்ரூ) மெஷின் என்று சொன்னால் கவரைத் தூக்கிக் கண்ணால் பார்த்த பிறகு விலை பேசுங்கள். சாதா லீட் ஸ்க்ரூ போட்டதையும் அதே விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள்.