எச்சரிக்கை காட்டும் டிஸ்க்கை உடனே கழற்றலாமா?

கேள்வி: அண்ணா, உப்புவெளியில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீட்டுப் படங்கள் எல்லாம் நாஸ் பெட்டியில்தான் (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) இருக்கின்றன. ஒன்றாக வாங்கிய இரண்டு 4 டெராபைட் டிஸ்க்குகள், ஒரே படம் இரண்டிலும் பதியும் ரெய்டு 1 முறை. இப்போது ஒன்றில் 'பென்டிங் செக்டர் 16' என்று எச்சரிக்கை வருகிறது. படங்கள் திறக்கின்றன. புது டிஸ்க் வாங்கி உடனே மாற்றவா?

பதில்: மாற்றத்தான் வேண்டும் தம்பி, ஆனால் இன்றைக்கே கழற்றாதீர்கள். பென்டிங் செக்டர் என்பது டிஸ்க் வாசிக்கத் தடுமாறிய இடம். அந்த எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை நம்ப முடியாது.

எனக்குப் பயம் மற்ற டிஸ்க்கை நினைத்துத்தான். அதற்கும் அதே வயது. இது பட்ட சூட்டையும் மின்வெட்டையும் அதுவும் பட்டிருக்கிறது. புது டிஸ்க்கைப் போட்டதும் ரெய்டு அந்த மற்ற டிஸ்க்கைத் தலையிலிருந்து வால் வரை வாசித்துப் பிரதி எடுக்கும். நொடிக்கு 150 மெகாபைட் வேகம் கிடைத்தாலும் 4 டெராபைட்டுக்கு ஏழு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். இடையில் அதுவும் படுத்துவிட்டால்? ஆகவே முதலில் யூஎஸ்பி டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் இறக்கி, சில படங்களைத் திறந்து பாருங்கள். பிறகு அதை வேறு வீட்டில் வையுங்கள். ரெய்டு இருந்தாலும் இப்படித் தனிப் பிரதி ஒன்று வேண்டும், ஏனென்றால் தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் ரெய்டு இரண்டு டிஸ்க்கிலும் சேர்த்தே அழித்துவிடும்.

கழற்றும்போது திரையில் காட்டும் சீரியல் நம்பரை டிஸ்க்கின் லேபிளோடு ஒத்துப் பாருங்கள். நல்லதைக் கழற்றிவிட்டு என்னிடம் ஓடி வருகிறவர்கள் உண்டு.

புதியது 4 டெராபைட்டுக்குக் குறையக் கூடாது, 'சிஎம்ஆர்' வகையாகவும் இருக்கட்டும், அதில் தரவு எழுதும் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியாது. 'எஸ்எம்ஆர்' டிஸ்க்கிலோ அவை கூரை ஓடு போல ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒன்றைத் திருத்தப் பக்கத்தில் உள்ளவற்றையும் திரும்ப எழுத வேண்டும், ரெய்டு இழுபடும். நாஸுக்கென்றே விற்ற சில டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) ரெட் டிஸ்க்குகளும் எஸ்எம்ஆர்தான் என்று 2020இல் அந்த நிறுவனமே ஒத்துக்கொண்டது. பெயரை மட்டும் நம்பாமல் மாடல் நம்பரைத் தேடிப் பார்த்து வாங்குங்கள்.

உங்களுக்குக் கடல் பக்கம் என்பதால் பெட்டியை ஜன்னலோரம் வைக்காதீர்கள், உப்புக்காற்று கனெக்டர்களை அரிக்கும். அதற்காக அலுமாரிக்குள் பூட்டினால் சூடேறும். யூபிஎஸ் இருந்தால் அதன் யூஎஸ்பி வயரை நாஸில் செருகி, நாஸின் செட்டிங்கில் யூபிஎஸ் வசதியையும் ஆன் செய்துவிடுங்கள். கரண்ட் போய் பேட்டரி இறங்கும்போது பெட்டி தானாகவே ஒழுங்காக அணையும். பலர் அந்த வயரை யூபிஎஸ் வந்த அட்டைப்பெட்டியிலிருந்து எடுப்பதே இல்லை.