பாலம் கட்டிய பூசாரிகள்

கேள்வி: ஆங்கிலப் பத்திரிகைகள் போப்பாண்டவரை ‘பான்டிஃப்’ என்று எழுதுகின்றன. கடவுளுக்கும் மனிதனுக்கும் பாலமாக இருப்பவர் என்ற பொருளில் கிறிஸ்தவர்கள் உண்டாக்கிய லத்தீன் சொல் அது என்கிறார் என் நண்பர். சரியா? டிவி விவாதத்தில் பேசுகிறவரையும் ‘பான்டிஃபிகேட்’ செய்கிறார் என்கிறார்களே, ஏன்?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பாலம் வரைக்கும் சரி. லத்தீனில் ‘போன்ஸ்’ பாலம், ‘ஃபாகெரே’ செய்தல். சேர்த்தால் ‘போன்டிஃபெக்ஸ்’, பாலம் கட்டுகிறவர். மற்றபடி உங்கள் நண்பர் விட்டது கதை. இயேசு பிறப்பதற்குப் பல காலம் முன்பே, ஜூபிடரைக் கும்பிட்ட ரோமில் தலைமைப் பூசாரிகளுக்கு இருந்த பட்டம் அது. வார்ரோ என்ற ரோமானியப் பண்டிதர் சொல்லும் காரணத்தில் தத்துவம் கித்துவம் ஒன்றும் கிடையாது. டைபர் ஆற்றின் மரப்பாலத்தை முதலில் கட்டியதும் பழுது பார்த்ததும் இவர்கள்தான், அதனால் அந்தப் பேர் என்கிறார். அந்தப் பாலத்தில் இரும்பு படக் கூடாது என்று ஆசாரம் வேறு. பாலத்துக்கும் பட்டத்துக்கும் சம்பந்தமில்லை, ‘முடியும்’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு தலைமைப் பூசாரியே மறுத்ததையும் வார்ரோவே எழுதி வைத்திருக்கிறார்.

பக்தியைவிட அதிகாரம்தான் இந்தப் பதவியில் அதிகம். பஞ்சாங்கம் இவர்கள் கையில். எந்த ஆண்டில் அதிக மாதம் சேர்ப்பது என்று இவர்கள் முடிவு செய்ய, வேண்டியவர் பதவியில் இருந்தால் ஆண்டு நீளும், வேண்டாதவர் என்றால் சேர்க்காமல் விட்டுவிடலாம். கி.மு. 63-ல் ஜூலியஸ் சீசர் கடன் வாங்கி லஞ்சத்தை வாரி இறைத்து இந்தத் தலைமைப் பதவியைத் தேர்தலில் பிடித்தார். குழம்பிக் கிடந்த பஞ்சாங்கத்தைச் சரிக்கட்ட கி.மு. 46-ஐ 445 நாள் ஆண்டாக்கியதும் அவர்தான்.

அப்புறம் பேரரசர்களே பட்டத்தை வைத்துக்கொண்டார்கள். கோவை வட்டாரத்தில் புதையலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் திபேரியஸ் காசுகள் நிறைய. ஒரு பக்கம் அவர் தலை. மறுபக்கம் அமர்ந்திருக்கும் ஒரு பெண், சுற்றிலும் ‘போன்டிஃப் மாக்ஸிம்’, அதாவது தலைமைப் போன்டிஃபெக்ஸ் என்பதன் சுருக்கெழுத்து. இயேசுவைச் சிலுவையில் அறைந்தபோது ரோமை ஆண்டவர் இதே திபேரியஸ்! போப்புகளுக்கு அது வந்து சேர்ந்தது பிற்பாடுதான்.

‘பான்டிஃபிகேட்’ முதலில் போப்பின் ஆட்சிக்காலத்தைத்தான் குறித்தது. போப் சொன்னால் எதிர்க்கேள்வி கிடையாது அல்லவா? அந்தத் தோரணையில், தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அடித்துப் பேசுகிறவர்களைக் கிண்டலாக அப்படிச் சொல்லத் தொடங்கினார்கள். உங்கள் நண்பருக்கும் தாராளமாகப் பொருந்தும்.