சூப்பர்ஹீரோ உலகத்துல அரசியல் நெருக்கடி: ரோல் எடுக்கறவங்க கேட்டதும் என் பதிலும்

ஒரு காமிக்ஸ் உலகம், அதுல ஒரு குண்டுவெடிப்போ புயலோ புதுச் சட்டமோ வருது, இருபது பேரு மந்திரி, போலீஸ், பத்திரிகை, ஹீரோன்னு ஆளுக்கொரு ரோல் எடுத்துக்கிட்டு மூணு மணி நேரம் அந்த நெருக்கடிய ஓட்டிப் பாக்குறோம். இதுதான் கிரைசிஸ் சிமுலேஷன். புதுச்சேரியில ஒன்பது வருஷமா நடத்திட்டு வரேன். அடுத்த மாசம் புதுசா ஒண்ணு ஆரம்பிக்கறதால கேள்வி கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், வந்தத வரிசையா எடுத்துக்கறேன்.

மஞ்சக்குப்பம் தம்பி: அக்கா, இது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி பகடை உருட்டுற ஆட்டமா, இல்ல காலேஜ்ல ஐ.நா. சபை மாதிரி நடத்தற எம்யூஎன் மாதிரியா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கும் (சுருக்கமா டி அண்ட் டி) நம்ம ஆட்டத்துக்கும் தாத்தா ஒருத்தர்தான் தம்பி. 1824ல பிரஷ்யா ராணுவத்துல கிரீக்ஸ்பீல்னு ஒரு மேப் ஆட்டம் வந்துச்சு, நடுவுல ஒரு நடுவர் உக்காந்துக்கிட்டு எந்தப் பக்கத்துக்கு எந்தச் சேதி எட்டியிருக்குமோ அத மட்டும்தான் அவங்களுக்கு சொல்லுவார். அப்புறம் 1969ல அமெரிக்காவுல மினசோட்டாவுல டேவிட் வெஸ்லின்னு ஒருத்தர், போர் நடக்கப்போற ஊர்ல மேயர் ஒருத்தர், பேங்க்காரர் ஒருத்தர்னு தனி ஆள் ரோல் கொடுத்து ஆடவிட்டார், அந்த மேசையில ஆடின டேவ் ஆர்னசன்தான் 1974ல கேரி கைகாக்ஸோட சேர்ந்து டி அண்ட் டி கொண்டு வந்தது. நம்ம ஆட்டத்துல பகடை கிடையாது. முன்னறையில எல்லாரும் பேசுவாங்க, பின்னறையில நானும் இன்னும் மூணு பேரும் உக்காந்து நீங்க அனுப்புற ரகசிய நோட்ட படிச்சு அதனால என்ன நடக்கும்னு முடிவு பண்ணுவோம். அதான் கிரிக்கெட் மாதிரி அம்பயர் தீர்ப்பு, வாதாடலாம், ஆனா முடிவு எங்களோடது.

லாஸ்பேட்டையில இருந்து: பேட்மேன் ரோல் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனா எடுக்காதீங்கன்னுதான் சொல்லுவேன். இந்த ஆட்டத்துல பறக்கறவனுக்கு மதிப்பில்ல, கையெழுத்து போடறவனுக்குத்தான் மதிப்பு. கலெக்டர் எடுங்க, துறைமுக அதிகாரி எடுங்க, விஏஓ கூட எடுங்க.

நெல்லிக்குப்பம் தங்கச்சி: நோட் எழுதறது எப்படின்னு புரியல அக்கா. போன தடவ வேற ஒரு எடத்துல ஆடினப்போ நான் எழுதின எதுவுமே நடக்கல.

இது நல்ல கேள்வி, கொஞ்சம் நீட்டி சொல்றேன். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையேறினது உங்க வீட்ல பெரியவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். அதே மாதிரி ஒரு புயல வெச்சு, சூப்பர்ஹீரோ இருக்கற உலகத்துல ஒரு தடவ நடத்தினோம். ஹீரோ ரோல் எடுத்த பையன் நோட்ல "என் சக்தியால புயல திருப்பி விடறேன்"னு ஒரே வரி எழுதினான். சரின்னு திருப்பி விட்டோம். புயல் எங்கயாவது போய்த்தான ஆகணும்? நெல்லூர்ல போய் கரையேறுச்சு, ஆந்திரா முதலமைச்சர் ரோல்ல இருந்த பொண்ணு எழுந்திரிச்சு "எங்க ஜனத்துக்கு நஷ்ட ஈடு யாரு குடுப்பா, உங்க ஹீரோ தமிழ்நாடு அரசோட ஆளா இல்ல தனி ஆளா"ன்னு கேட்டுச்சு, அடுத்த ரெண்டு மணி நேரம் சபை அந்த ஒரு கேள்வியிலயே நின்னுச்சு.

அதே ஆட்டத்துல விஏஓ ரோல் எடுத்த ஒரு தம்பி எழுதின நோட்ட நான் இன்னும் பத்திரமா வெச்சிருக்கேன். பண்ருட்டி பக்கம் விழுந்த முந்திரி, பலா மரக் கணக்க ஊர் ஊரா எடுக்கறது, யார் யார் போறாங்க, வண்டிக்கு டீசல் காசு எந்தக் கணக்குல இருந்து வருது, எத்தன நாள்ல முடியும், குத்தகைக்கு பயிர் வெச்சவன் பேரு விட்டுப் போகாம இருக்க யாரு சாட்சின்னு ஒண்ணு விடாம எழுதியிருந்தான். அந்தக் கணக்கு இல்லாம நிவாரணப் பணம் ஒரு பைசா நகரல. மந்திரி, ஹீரோ, எதிர்க்கட்சி எல்லாரும் அவன்கிட்ட வந்து நிக்க வேண்டியதாச்சு. ஹீரோ கூரைய தாங்கிப் பிடிக்கலாம், விழுந்த முந்திரி மரத்த காய்க்க வைக்க அவனால முடியாது, அதுக்கு வருஷக்கணக்காகும், அது வரைக்கும் அந்தக் குடும்பம் என்ன சாப்பிடும்ன்றதுதான் அரசியல்.

அதனால உங்க நோட்ல நாலு விஷயம் இருக்கணும்: யாரு பண்றா, காசு எங்க இருந்து, எப்ப முடியும், யாருக்குத் தெரியக் கூடாது. சக்திய எழுதாதீங்க, வேலைய எழுதுங்க.

வில்லியனூர்ல இருந்து: பதிவுச் சட்டத்துல நீங்க அயன்மேன் கட்சியா கேப்டன் கட்சியா?

தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன். 2006ல மார்வெல் கம்பெனியோட 'சிவில் வார்' காமிக்ஸ் வந்துச்சு, ஸ்டாம்ஃபோர்டுன்ற ஊர்ல டிவிக்காக சண்டை போட்டுக்கிட்டிருந்த இளம் ஹீரோக்கள்கிட்ட மாட்டின நைட்ரோன்ற வில்லன் வெடிச்சு 600 பேருக்கு மேல செத்தாங்க, பக்கத்துல இருந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களும் சேர்த்து. உடனே சக்தி உள்ளவங்க எல்லாரும் பேரு, முகம் எல்லாத்தையும் அரசாங்கத்துல பதியணும்னு சட்டம் வந்துச்சு. அயன்மேன் சட்டத்துக்கு ஆதரவு, கேப்டன் அமெரிக்கா எதிர்ப்பு. நான் எந்தக் கட்சியும் இல்ல. செத்துப் போன பிள்ளைங்களோட அம்மா ரோல் ஒண்ணு எப்பவும் வெப்பேன், அவங்க பேசினதுக்கப்புறம் எந்தக் கட்சியும் அவ்வளவு சுலபமா இருக்காது.

கடலூர் ஓ.டி. அண்ணன்: இதுல என்னம்மா தப்பு, வண்டி ஓட்ட லைசென்ஸ் எடுக்கல? மீன்பிடி படகுக்கே ரெஜிஸ்டர் நம்பர் இருக்கு. ஊரையே எரிக்கற கைக்கு நம்பர் வேணாமா?

அண்ணே, படகுக்கு நம்பர் குடுத்தா "இனிமே அரசாங்கத்துக்காகத்தான் வலை போடணும், மாட்டேன்னா ஜெயில்"னு யாரும் சொல்றதில்லயே. காமிக்ஸ்ல வந்த சட்டம் அப்படித்தான். பதிஞ்சவன் அரசாங்கத்துக்கு வேலை செய்யணும், மாட்டேன்னவன வேற பரிமாணத்துல கட்டின சிறையில விசாரணை இல்லாம போட்டாங்க. பதிவு வேற, கட்டாயச் சேவை வேற, ரெண்டையும் ஒரே சட்டத்துல கட்டினதுதான் அந்தக் கதையோட நெருக்கடியே. படகு உதாரணத்த நீங்க சபையில கண்டிப்பா பேசணும், நல்ல வாதம்.

முள்ளோடையில இருந்து: அக்கா ஒரு சந்தேகம். கடலூர்ல தேடப்படற ஹீரோ ரெட்டிச்சாவடி தாண்டி புதுச்சேரிக்குள்ள வந்துட்டா தமிழ்நாடு போலீஸ் புடிக்க முடியாதுல்ல? புதுச்சேரி சட்டசபை அந்தப் பதிவுச் சட்டத்த ஏத்துக்க மாட்டோம்னு தீர்மானம் போட்டா?

இன்னைக்கு வெச்சு ஆடினா செல்லாது. வாரண்ட் இல்லாமலே கைது பண்ணலாம்ன்ற குற்றம்னா போலீஸ் இந்தியாவுக்குள்ள எங்க வேணா துரத்திட்டு வரலாம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துலயும் இருந்துச்சு, 2024 ஜூலையில அதுக்குப் பதிலா வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவுலயும் இருக்கு. தீர்மானமும் நிக்காது. 30 பேரு தேர்ந்தெடுத்தவங்க, 3 பேரு நியமனம், சபை இருக்கு, சட்டம் போடற அதிகாரமும் இருக்கு, ஆனா யூனியன் பிரதேசத்துக்கு எந்த விஷயத்துலயும் பாராளுமன்றம் சட்டம் போடலாம்னு அரசியல் சாசனம் 246ஆம் பிரிவு சொல்லுது, மோதினா டெல்லி சட்டம்தான் நிக்கும்.

அதே ஆளு: அப்ப அந்த எல்லைக்கு அர்த்தமே இல்லயா?

இருந்துச்சு. இந்தக் கேள்விக்காகத்தான் அடுத்த ஆட்டத்தையே அமைச்சிருக்கேன், கேட்டதுல சந்தோஷம்.

1908ல பாரதியார் பிரிட்டிஷ்காரன் கைதுல இருந்து தப்பிச்சு புதுச்சேரி வந்தார், 1910 ஏப்ரல்ல அரவிந்தர் வந்தார், வ.வே.சு. ஐயரும் அதே வருஷம் வந்து சேர்ந்தார். நீங்க சொல்ற அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி, பிரிட்டிஷ் போலீஸ் உள்ள வந்து கை வைக்க முடியாது. ஆனா தஞ்சம் கிடைச்சா எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க. பாரதியாரோட 'இந்தியா' பத்திரிகைய இங்க அச்சடிக்க முடிஞ்சுது, பிரிட்டிஷ் எல்லைக்குள்ள விடாம தடுத்தாங்க, வாசகர் எல்லாம் அந்தப் பக்கம் இருக்க 1910லயே அது நின்னு போச்சு. ஆளத் தொடல, வழிய அடைச்சாங்க. 1911 ஜூன்ல மணியாச்சியில கலெக்டர் ஆஷ் சுடப்பட்டதும் நெருக்கடி பல மடங்காச்சு, தெருத் தெருவா ஒற்றர்கள். இடையில பிரெஞ்சு அரசாங்கம் ஒரு விதி கொண்டு வந்துச்சு, வெளியில இருந்து வந்து தங்கியிருக்கறவங்க கௌரவ மாஜிஸ்திரேட் அஞ்சு பேரோட கையெழுத்து வாங்கிக் காட்டணும், இல்லன்னா ஊர விட்டுப் போகணும். உள்ளூர் வியாபாரி சங்கர செட்டியார்தான் அலைஞ்சு அந்தக் கையெழுத்த வாங்கிக் குடுத்தார். யோசிச்சுப் பாருங்க, வெளியில ஒரு கொலை நடக்குது, பக்கத்து வல்லரசு நெருக்குது, பதிவு விதி வருது, காமிக்ஸ்காரங்க 2006ல எழுதினது எல்லாம் நம்ம ஊர்ல நடந்திருக்கு, முடிவு பண்ணினது அஞ்சு பேனா.

எல்லை எவ்வளவு உண்மைன்னு தெரியணும்னா 1918 நவம்பர பாருங்க. பாரதியார் புதுச்சேரிய விட்டுக் கிளம்பி எல்லையத் தாண்டினதும் கைது பண்ணி கடலூர் ஜெயில்ல போட்டாங்க, டிசம்பர்லதான் வெளிய வந்தார்.

அதனால அடுத்த ஆட்டம் இப்படி: கற்பனை உலகம், அதுல பதிவுச் சட்டம் போட்ட ஒரு பெரிய சாம்ராஜ்யம், அதுக்கு நடுவுல வேற கொடி பறக்கற ஒரு சின்னத் துறைமுக ஊர், அங்க தஞ்சம் கேட்டு வந்த ஏழு ஹீரோக்கள். மார்வெல் காமிக்ஸ்ல வர்ற வகாண்டா நாடு மாதிரி வைப்ரேனியம்ன்ற அபூர்வ உலோகமும் கிடையாது, லாட்வேரியா நாடு மாதிரி ஆட்சி பண்ற வில்லன் டாக்டர் டூமும் கிடையாது, ஊர்கிட்ட இருக்கறது ஒரு கொடியும் கொஞ்சம் கையெழுத்தும்தான்.

திருப்பாதிரிப்புலியூர் ஐயா: பாரதியையும் அரவிந்தரையும் முகமூடி போட்டவர்களோடு சேர்ப்பது முறையில்லை. வருத்தமாக இருக்கிறது.

ஐயா, வணக்கம். அவங்க பேரு ஆட்டத்துல எங்கயும் வராது, அவங்கள மாதிரி பாத்திரமும் இல்ல, அது எனக்கும் சம்மதமில்ல. நான் எடுத்தது அந்தக் காலத்து ஊரோட அமைப்ப மட்டும். ஒரு சின்ன ஊரு பெரிய வல்லரசு பக்கத்துல உக்காந்துக்கிட்டு பத்து வருஷம் ஒருத்தருக்கு எடம் குடுத்துச்சே, அது எவ்வளவு கஷ்டம்னு பதினெட்டு வயசுப் பிள்ளைங்க அந்த நாற்காலியில உக்காந்து தெரிஞ்சுக்கணும்னு ஆசப்படறேன். நீங்க ஒரு நாள் வந்து பின்னறையில எங்களோட உக்காந்தா சந்தோஷப்படுவேன்.

கடலூர் ஓ.டி. அண்ணன் மறுபடி: சரிம்மா, ஆனா அந்த ஏழு பேருல ஒருத்தன் நெசமாவே கொலை பண்ணியிருந்தா? ஊரு ஏன் அவனுக்காக பட்டினி கெடக்கணும்?

அண்ணே, ஆட்டத்தோட ரெண்டாவது மணி நேரத்த நீங்களே எழுதிட்டீங்க. அந்த ஏழு பேருல ஒருத்தன் பண்ணியிருக்கான். யாருன்னு முன்னறைக்கு தெரியாது, துறைமுகத்துக்கு வர்ற அரிசிக் கப்பலும் அன்னைக்கே நிக்கும்.

முத்தியால்பேட்டை: பேட்மேன் ரோல் இருக்கா?

மேல பாருங்க.

பாகூர்ல இருந்து: புரொபசர் எக்ஸ் மாதிரி எல்லார் மனசையும் மாத்தற சக்தி எடுக்கலாமா?

முடியாது. மனச மாத்தறது, காலத்துல பின்னால போறது, செத்தவன எழுப்பறது மூணும் தடை. ஒரு ஆளுக்கு அது கிடைச்சா மத்த பத்தொம்போது பேரு பேசவே வேண்டியதில்ல.

தவளக்குப்பத்துல இருந்து: இங்கிலீஷ் சரளமா வராதுக்கா, வரலாமா?

கண்டிப்பா வாங்க. பல வருஷம் முன்ன ஒரு கல்லூரியில நடந்த இதே மாதிரி ஆட்டத்துக்கு ஒரு மீனவக் குடும்பத்துப் பையன கூட்டிட்டுப் போனேன், அவன் தமிழ்ல எழுதின நோட்ட படிக்காமலே திருப்பிக் குடுத்தாங்க, அந்தக் கூடத்துல படகப் பத்தி, காத்தப் பத்தி தெரிஞ்ச ஒரே ஆளு அவன்தான். அன்னைக்கு ராத்திரி பஸ்ல வரும்போதே முடிவு பண்ணிட்டேன், நம்ம ஆட்டம் முழுக்க தமிழ்லதான்னு. நோட், பேச்சு, தீர்மானம் எல்லாமே.

கோரிமேடு: நெஜ அரசியல்வாதி பேரு வெச்சு ஆடினா இன்னும் ஜாலியா இருக்குமே?

வேணாம். நெஜக் கட்சி, நெஜத் தலைவர், ஜாதிப் பேரு எதுவும் உள்ள வரக் கூடாது. முக்கியமா மியூட்டன்டுன்னு (காமிக்ஸ்ல பிறவியிலயே சக்தி உள்ளவங்க) சொல்லி ஒரு சாதியையோ மதத்தையோ சுட்டிக் காட்ட ஆரம்பிச்சா அந்த நிமிஷமே ஆட்டத்த நிறுத்துவேன், ரெண்டு தடவ நிறுத்தியிருக்கேன்.

நெய்வேலி தம்பி: காமிக்ஸ் படிச்சதே இல்ல, எங்க ஆரம்பிக்கறது?

படிக்காமலே வரலாம், நானே ரெண்டு பக்கம் குறிப்பு குடுப்பேன். படிக்க ஆசன்னா காந்தி வீதி ஞாயித்துக்கிழமை சந்தையில பழைய புஸ்தகக் கடைங்கள்ல தேடுங்க. 1972ல முத்து காமிக்ஸ் முதல் புத்தகமா வந்த இரும்புக்கை மாயாவி கிடைச்சா விடாதீங்க, கரண்ட் பாஞ்சா உடம்பு மறைஞ்சு கை மட்டும் தெரியும், அந்தக் கைய எந்த அரசாங்கம் எப்படிப் பதிவு பண்ணும்னு யோசிச்சுக்கிட்டே படிங்க.

லாஸ்பேட்டை, மறுபடி: அப்ப சூப்பர்மேனாவது?

தம்பி, இதுவரைக்கும் பதினோரு பேரு பேட்மேன் கேட்டிருக்காங்க, நாலு பேரு சூப்பர்மேன். துறைமுக அதிகாரி ரோல் ஓ.டி. அண்ணனுக்குன்னு எடுத்து வெச்சுட்டேன். கையெழுத்து போடற அஞ்சு மாஜிஸ்திரேட் ரோலையும் ஒருத்தரும் கேக்கல, அஞ்சும் காலியா இருக்கு.